சிப்காட் ஷிஃப்டும் கிரிப்டோ கமிஷனும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் சின்னதாக ஒரு கிரிப்டோ புரோக்கரேஜ் நடத்தலாமா? பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் ஏ.பி.ஐ.யை இணைத்து, மேலே சொந்த ஆப் போட்டு, ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் கமிஷன் எடுப்பதுதான் திட்டம். கோடிங் தெரிந்தவருக்கு அந்த ஆப் பெரிய விஷயமில்லை. ஆனாலும் வேண்டாம் என்பதே என் கட்சி. அடுத்தவர் பணத்தைத் தொடாமல் செய்ய இந்தத் துறையிலேயே வேறு வேலை இருக்கிறது.

2023 மார்ச் 7 அன்று வந்த மத்திய அரசு அறிவிக்கைப்படி, பிறருக்காகத் தொழிலாகக் கிரிப்டோவை மாற்றித் தருவது, அனுப்புவது, பாதுகாத்து வைப்பது எல்லாமே சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எஃப்.ஐ.யூ. (நிதி நுண்ணறிவுப் பிரிவு) பதிவு, கே.ஒய்.சி., சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை, அதற்கென ஒரு பொறுப்பதிகாரி என எல்லாம் வேண்டும். பதிவில்லாமல் இந்தியர்களுக்குச் சேவை தந்த பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்சுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது.

‘ஆப்பெல்லாம் எதற்கு, கேன்டீனில் நாலு பேருக்கு யூ.எஸ்.டி.டி. கிரிப்டோ வாங்கிக் கொடுத்தால் போதாதா?’ என்பவர்கள் உண்டு. இது இன்னும் மோசம். உங்களுக்கு ஜி.பே.யில் வந்த பணம் எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொன்னால், பணம் போன வழியில் இருக்கும் கணக்குகள் முடங்கலாம். அதில் உங்கள் கணக்கும் ஒன்று, அது பெரும்பாலும் சம்பளக் கணக்காகத்தான் இருக்கும்.

அடுத்தது நேரம். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 2022-இலிருந்து விதி. பல ஆலைகளில் ஷிஃப்ட் 8 மணி நேரம், செல்போன் லாக்கரில். முழுநேர அணி வைத்திருந்த வஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சே 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலரைப் பறிகொடுத்தது. அங்கே காயின் முடங்கிய சென்னை முதலீட்டாளர் ஒருவரின் வழக்கில்தான், கிரிப்டோ ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. உங்கள் வாலட்டில் கிடந்தாலும் அது வாடிக்கையாளர் சொத்து. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சரி, எதைச் செய்வது? கிரிப்டோ வரிக் கணக்கு. லாபத்துக்கு 30 சதவீத வரி, நஷ்டத்தைக் கழிக்க முடியாது, விற்கும்போது 1 சதவீத டி.டி.எஸ். எக்ஸ்சேஞ்ச் தரும் கோப்பை வாங்கி இதையெல்லாம் ஒழுங்காகப் பிரித்துக் காட்டும் ஒரு மென்பொருளுக்குத் தேவை இருக்கிறது, தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்சேஞ்சே கட்டிப் பார்க்க ஆசையென்றால், ஆர்டர்களைப் பொருத்தும் எஞ்சினை எழுதி, நிஜப் பணம் புழங்காத டெஸ்ட்நெட்டில் ஓட்டுங்கள். சென்னையில் இயங்கும் ஜியோட்டஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் வேலை தேடும்போது அதைக் காட்டலாம்.

கோடிங் வராதவருக்கும் வழி உண்டு. ஐ.எஸ்.ஓ. ஆடிட்டுக்கு ரெக்கார்டு தயார் செய்தவர், ஸ்டோர்ஸில் இருப்பையும் ரசீதையும் ஒத்துப் பார்த்தவர், எக்ஸ்சேஞ்சின் கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் பாதி தயார். அந்த அனுபவத்தை பயோடேட்டாவில் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

எதைத் தொடங்கினாலும் முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தடை இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கம்பெனி லேப்டாப்பில் ஒரு வரி கோடுகூட வேண்டாம்.