சேற்றிலிருந்து தொடங்கு

கண்ணு,

வல்லக்கோட்டைப் பிள்ளைகள் பலரும் இப்போது ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். நீ கல்லையும் மண்ணையும் கழுவும் தொழிலைத் தேர்ந்திருக்கிறாய். முதல் வாஷிங் பிளான்ட்டை வரைய உட்காரும் முன் சில வார்த்தைகள் சொல்கிறேன், கேள். அங்கே கார் ஆலைக்கு இன்று வரும் பாகம் நேற்று வந்ததைப் போலவே இருக்கும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் ஹாப்பரில் கொட்டும் ஒவ்வொரு டிப்பரும் வேறு. எதையும் திருப்பி அனுப்ப முடியாது. இரும்புத்தாது ஆனாலும், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஆனாலும், நம் பக்கத்துக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஆனாலும் கழுவுகிற நியாயம் ஒன்றுதான். எனக்குப் பழகியது எம்-சாண்ட். அதை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் குவாரிக்குப் போ.

பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைமேல் இருப்பதும் இந்தக் கல் என்பதால் 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. இரும்புபோல் இறுகிய கல். அதற்குள் களிமண் கிடையாது. அப்படியானால் சேறு எங்கிருந்து வருகிறது? ஒரு கிரஷரில் எத்தனை முறை கழுவியும் மணல் சிவந்தே வந்தது. முதலாளி இன்னொரு வாஷர் வாங்கத் தயாராக இருந்தார். அங்கே வேலை செய்த ஒரு அம்மா, “மேல்மண்ணையும் சேத்து வாரிக்கினு வந்து கொட்டறாங்க, அப்புறம் எங்க வெளுக்கும்?” என்றார். மேல்மண்ணைத் தனியே நீக்கி, முதல் கிரஷருக்கு முன்னால் ஒரு கம்பிச் சல்லடையும் வைத்ததோடு சிவப்பு போயிற்று. புது வாஷருக்கு வேலையே இல்லை. கலக்காததைக் கழுவ வேண்டியதில்லை, கண்ணு. இதைச் சொல்ல ஒரு பொறியாளர் அங்கே இருக்கவில்லை என்பதையும் நினைவில் வை.

2. எல்லாத் தூளையும் அழுக்கு என்று எண்ணாதே.

கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய இந்தியத் தரம் ஐ.எஸ். 383. அதன் 2016 பதிப்பில், 75 மைக்ரானுக்குக் கீழான தூள் ஆற்று மணலில் 3 சதவீதம்வரைதான் இருக்கலாம். கல் உடைத்த மணலில் 15 சதவீதம்வரை இருக்கலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. ஆற்று மணலில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் களிமண். தண்ணீரைக் குடித்து உப்பி, சிமென்ட்டின் பிடிப்பைக் கெடுக்கும். உடைத்த கல்லின் மாவு கல்லேதான். அளவோடு இருந்தால் மணிகளின் இடைவெளியை நிரப்பும். பளிச்சென்று இருக்கவேண்டும் என்று அதையும் கழுவி விட்டுவிட்டால் கலவை சொரசொரத்துப் போகும், தண்ணீர் பிரிந்து மேலே நிற்கும், கொத்தனார் கரணையை வைத்துவிட்டு உன்னைத் திட்டுவார். தரம் கேட்கும் அளவுக்குக் கழுவு. கண்ணுக்கு அழகாகத் தெரியும்வரை கழுவாதே.

3. மாதிரி எடுப்பதில் நேர்மையாக இரு.

குவியலின் அடிவாரத்தில் பருமணல் உருண்டு கிடக்கும், நடுவில் தூள் தங்கும். எங்கே கை வைக்கிறாயோ அதற்கேற்ற முடிவு வரும். ஓடும் கன்வேயரை நிறுத்தி, பெல்ட்டின் முழு அகலத்திலும் ஒரு துண்டை ஒரு பொடிகூட விடாமல் வழித்து எடு. சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை எடு. கோடையில் எடுத்த மாதிரியை மட்டும் நம்பிக் கட்டிய பிளான்ட் முதல் மழையிலேயே திணறியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மாதிரியைப் பொறுக்கிக் கொடுத்து ஆர்டர் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த ஆர்டர் அவர்களை விடாது. சேறு அடைத்துக்கொள்ளும் ஒவ்வொரு ராத்திரியும் போன் வரும்.

4. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

எந்த இயந்திரத்தின் படத்தையும் பார்க்கும் முன் ஒரு தாளில் வரவு செலவு எழுது. மணிக்கு 100 டன் உலர்ந்த தூள்மணல் வருகிறது, அதில் 18 டன் 75 மைக்ரானுக்குக் கீழ் என்று வைத்துக்கொள். மணலில் 10 சதவீதம் தூள் இருக்கட்டும் என்று நிறுத்தினால் 91 டன் மணல் கிடைக்கும், 9 டன் சேறாகப் போகும். 2 சதவீதம்வரை கழுவினால் மணல் 84 டன்னுக்கும் கீழே இறங்கும், சேறு 16 டன்னைத் தாண்டும். அந்த 7 டன் நல்ல சரக்கு, கூடவே அதைச் சுமக்கும் தண்ணீர், கரண்டு, லாரி எல்லாம் உன் பேனா முனையில்தான் வீணாகிறது. அடுத்து தண்ணீரை எழுது. 91 டன் மணல் 12 சதவீத ஈரத்தோடு போனால் மணிக்கு 12 டன் தண்ணீர் லாரி ஏறிவிடும். அதனால்தான் நீர்வடி சல்லடையும், மணல் நின்று வடிய ஓர் இடமும் வேண்டும். பக்கெட் வாஷர் மலிவுதான்; ஆனால் கழிவுநீரோடு நல்ல நுண்மணலையும் வழியவிடும். அதைப் பிடிக்க ஹைட்ரோசைக்ளோன் வேண்டுமா என்பதை இந்தத் தாள் சொல்லும். விற்க வருகிறவரின் பேச்சு சொல்லாது.

5. சேற்றிலிருந்து தொடங்கு.

எல்லாரும் ஹாப்பரிலிருந்து வரைந்து வருவார்கள். சேறு வரும்போது தாளில் இடமே இருக்காது. ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுக் ‘குட்டை’ என்று எழுதிவிடுவார்கள். நீ கடைசியிலிருந்து வரை. அசையாத தண்ணீரில் 75 மைக்ரான் மணி ஒரு மீட்டர் இறங்க மூன்று நான்கு நிமிடம் போதும். 10 மைக்ரான் மணிக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒரு மைக்ரான் களிமண்ணுக்கோ கிட்டத்தட்ட இரண்டு வாரம். விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அதை எந்த முதலாளியின் அவசரமும் மாற்றாது. ஆழமாக ஒரு குழி வெட்டினால் தெளிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். தெளிவதற்கு வேண்டியது பரப்பு. பரப்புக்கு இடம் இல்லையென்றால் திக்கனர் வைத்து, மருந்து சேர்த்துத் துகள்களைத் திரட்டி இறக்கு. மருந்தையும் அளவாகப் போடு. மிஞ்சினால் ஃபில்டர் பிரஸ் துணி பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். மேலே சொன்ன 9 டன் மாவு, 40 சதவீதம் மாவுள்ள சேறாக வெளியேறினால் 13 டன்னுக்கு மேல் தண்ணீரைக் கூட்டிப் போகும். பிழிந்து 20 சதவீத ஈரக் கட்டியாக்கினால் இரண்டு டன்னோடு நின்றுவிடும். கட்டியைப் படுதா போட்டு லாரியிலும் ஏற்றலாம். 2019 ஜனவரி 25 அன்று பிரேசில் நாட்டின் புருமாதின்யோவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவுச்சேற்று அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். உன்னுடையது சிறிய குட்டைதான். அதன் கரைக்குக் கீழேயும் யாராவது நடப்பார்கள்.

6. தண்ணீர் உன்னுடையது என்று நினைக்காதே.

இது ஏரிகளின் நாடு. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்குப் போகும். உன் பிளான்ட்டிலிருந்து வாய்க்காலில் இறங்கும் பால்நிறத் தண்ணீர் அடுத்த ஊர் ஏரியின் அடியில் மாவாய்ப் படியும், மதகை அடைக்கும், நாற்றின்மேல் பூசிக்கொள்ளும். குவாரிக் குழித் தண்ணீர் யாருக்கும் வேண்டாதது என்றும் சொல்லாதே. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகளின் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கிணறு வற்றிய கோடையில் நம் வீட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவுவதைப் பார்த்திருப்பாய். கடைசி அலசுத் தண்ணீரைக் கொட்டாமல் அடுத்த பாத்திரத்தின் முதல் தேய்ப்புக்கு வைத்துக்கொள்வார்கள். அதுதான் உன் குழாய்ப் பாதையும்: தெளிந்த நீர் கடைசித் தெளிப்பானுக்கு, அங்கே வடிந்தது முதல் கழுவலுக்கு, அதன் பிறகே திக்கனருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக மட்டும் இதைச் செய்யாதே. கலங்கிய நீரையே சுற்றவிட்டால் கழுவிய மணலில் திரும்பவும் களிமண் பூசிக்கொள்ளும். ஊருக்கு நல்லது உன் சரக்குக்கும் நல்லது.

7. வேகத்தில் மயங்காதே.

பெரிய பம்ப் பெருமையாகத் தெரியும். மணல் கலந்த தண்ணீர் குழாயில் மெதுவாகப் போனால் மணல் படிந்து அடைக்கும். விரைந்தால் முழங்கை வளைவையும் இம்பெல்லரையும் தின்றுவிடும். தேய்மானம் வேகத்தின் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, அதைவிடப் பல மடங்காகக் கூடும். படியாமல் ஓடும் வேகத்துக்குச் சற்றே மேலே நில். நிலத்தின் சரிவைப் பயன்படுத்து; தானாக இறங்கும் தண்ணீருக்குக் கரண்டு பில் வராது. வளைவுகளைக் குறை. வளைவு தவிர்க்க முடியாத இடத்தில் கழற்றி மாட்டும் துண்டாக வை.

8. ஃபிட்டரின் முதுகை நினைத்து வரை.

நீ ஒரு நாள் வரைவதை அவர் தினமும் கழற்றுவார். ஸ்பேனர் திரும்ப இடம் விட்டாயா? சல்லடைத் தட்டை மாற்றக் குனிந்து ஊர்ந்து போகவேண்டுமா? மேடைக்குக் கைப்பிடி உண்டா? கன்வேயர் நெடுக இழுத்தால் நிற்கும் கயிறு உண்டா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சுழலும் பாகங்களை மூடச் சொன்னது. திரும்ப மாட்டச் சிரமமான மூடியைக் கொடுத்தால் அது மூலையில்தான் கிடக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்றால் எச்சரிக்கைப் பலகையை அவர்கள் மொழியிலும் எழுது. காய்ந்த சேறு காற்றில் பறந்தால் அதிலுள்ள நுண்மாவு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் கொண்டுவரும். கழுவும் இடம் ஈரமானது என்பதால் தூசிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிவிடாதே.

9. ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகு.

2003-இல் ஆற்று மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. ஆறுகளில் மணல் அருகி, தட்டுப்பாடும் விலையும் ஏற ஏற எம்-சாண்டுக்குக் கிராக்கி வந்தது. 2023-இல் அரசு அதற்கென ஒரு கொள்கையும் வெளியிட்டது. கிராக்கி உள்ள இடத்தில் அவசரக்காரர்கள் கூடுவார்கள். “மணிக்கு 200 டன்” என்று கேட்கும் முதலாளியிடம், அவருடைய கிரஷர் 120 தான் கொடுக்கும் என்றால் அதைச் சொல். கழுவாத கிரஷர் டஸ்ட்டையே எம்-சாண்ட் என்று விற்க வழி கேட்பவரும் வருவார். அந்த மணலில் வீடு கட்டுகிறவர் ஒரு வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறார். முதலாளி கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். வேலை போனால் வேறு வேலை வரும், பேர் போனால் வராது.

10. மழையில் திரும்பப் போ.

பிளான்ட்டை ஓட்டிக் காட்டி, மாலை போட்டு, பணம் வாங்கியதோடு உன் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அடுத்த ஐப்பசியில் யாரும் கூப்பிடாமலே போய் நில். எங்கே வழிகிறது, எந்தக் கதவை மூடாமல் கட்டை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், எந்த வால்வில் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று பார். உன் வரைபடத்துக்கு அவர்கள் போட்ட திருத்தங்கள் அவை. கோபப்படாமல் நோட்டில் எழுதிக்கொள். உன் கணக்கில் தவறு என்று தெரிந்தால் அவர்கள் சொல்லும் முன் நீ சொல்லிவிடு, திருத்தத்துக்குக் கூலி கேட்காதே. அப்படி நடந்துகொண்டவனுக்கு அடுத்த வேலையை அந்த முதலாளியே பக்கத்துக் குவாரியில் பேசி வாங்கிக் கொடுப்பார்.