புது டயர் போட்டபின் கார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையாவது புனேயிலிருந்து காரிலேயே ஊருக்குப் போய் வருகிறோம். ரயிலில் டிக்கெட் கிடைப்பதில்லை. விமானக் கட்டணமோ விடுமுறைக் காலத்தில் நாலு பேருக்குக் கட்டுப்படியாவதில்லை. புறப்படுவதற்கு முன் "டயர் தேய்ந்துவிட்டதே, மாற்றிவிடலாம்" என்று மாற்றுவதும் வழக்கம். அப்படி மாற்றிய பிறகு நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து படித்த பாடத்தையும் எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே நான் புரிந்துகொண்டதை யாரும் புரிந்துகொள்ளலாம்.

2023 மே மாதம். திருநெல்வேலியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மற்றவர்கள் வராவிட்டால் "லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்பார்கள். தாய்மாமன் வராவிட்டால் அந்தப் பேச்சு பேரன் காலம் வரை நிற்கும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். செவ்வாய் காலை புறப்படுவதாகத் திட்டம். அதற்கு முந்தைய வியாழனன்று நான்கு டயர்களையும் மாற்றினேன்.

கடையை விட்டு வெளியே வந்ததுமே வண்டி பழைய வண்டியாக இல்லை. சிறு மேடு பள்ளத்துக்கெல்லாம் தூக்கிப் போட்டது. ஸ்டியரிங்கைத் தளர விட்டால் இடப்பக்கம் இழுத்தது. காத்ரஜ் சுரங்கம் தாண்டி நெடுஞ்சாலையில் 85 கிலோமீட்டர் வேகம் போனதும் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. திரும்பிப் போய்ச் சொன்னேன். "புது டயர் அப்படித்தான் இருக்கும் சார், பழகிவிடும்" என்றார்கள். வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "என்னங்க, பழகிவிடும் என்றால் எது? கார் நமக்குப் பழகுமா, நாம் காருக்குப் பழகணுமா? அத்தையையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து 1,400 கிலோமீட்டருக்கு மேல் போகப் போகிறீர்கள்."

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

எது இயல்பு, எது கோளாறு?

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. காருக்கான புது டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளங்கள் இருக்கும். தேய்ந்த டயரில் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. உயரமான ரப்பர் கட்டைகள் சற்று வளைந்து கொடுப்பதால், ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி தாமதித்துத் திரும்புவது போலத் தோன்றும். அச்சிலிருந்து டயர் எளிதில் கழன்று வருவதற்காகத் தடவும் பொருளின் மிச்சமும் மேற்பரப்பில் இருக்கும். ஆகவே முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கும் வேகமான திருப்பமும் கூடாது. இவையெல்லாம் இயல்பு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இயல்பான மாற்றம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். ஓட ஓடக் குறையும். கோளாறு அப்படியல்ல. அதற்கு ஒரு திசை இருக்கும், அல்லது ஒரு வேகம் இருக்கும், அல்லது அது நாளுக்கு நாள் மாறும். இடப்பக்கம் மட்டும் இழுப்பது, 85-இல் மட்டும் நடுங்குவது இரண்டும் பழக்கத்தில் போகிறவை அல்ல.

அதனால் முதல் வேலை, ஒரு தாளில் எழுதிக்கொள்வது. எந்த வேகத்தில்? நேர்ச் சாலையிலா, திருப்பத்திலா? பிரேக் போடும்போது மட்டுமா, எப்போதுமா? டயர் மாற்றுவதற்கு முன்பும் இருந்ததா? டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து தருவார்? கடைக்காரர் நிலையும் அதுதான்.

முதலில் காற்று

செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். டயரை ரிம்மில் ஏற்றும்போது அதன் விளிம்பு சரியாக உட்காருவதற்காக அதிகமாகக் காற்று அடிப்பார்கள். பிறகு அதைக் குறைக்க வேண்டும். கடையில் கூட்டம் இருந்தால் மறந்துபோகும். எங்கள் காருக்கு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த அட்டையில் 30 பி.எஸ்.ஐ. என்று இருந்தது. மறுநாள் காலையில் அளந்தபோது நான்கிலும் 40-க்கு மேல்! தூக்கிப் போட்டதன் காரணம் அன்றே தீர்ந்தது.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நம் வண்டிக்கு உரிய அளவு கதவுத் தூணிலோ வண்டிக் கையேட்டிலோ இருக்கும். ஆள், சாமான் நிறைந்தால் எவ்வளவு என்றும் அதிலேயே இருக்கும். வண்டி ஓடி டயர் சூடானால் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. கூடும், எனவே காலையில், வண்டி ஓடாதபோது அளக்க வேண்டும். நைட்ரஜன் அடித்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒரு முறை அளந்து பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

கூடவே சக்கரத்தின் நட்டுகளைப் பாருங்கள். ஒன்றுக்கு எதிர் ஒன்று என்ற வரிசையில் முடுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றி முடுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும். சக்கரத்தைக் கழற்றி மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை சரிபார்ப்பது அவசியம்.

நடுக்கம்

குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் 80-க்கும் 110-க்கும் இடையில், நடுங்கினால் வீல் பேலன்சிங் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம். இருக்கையும் தரையும் நடுங்கினால் பின் சக்கரம் என்பது பொது விதி. பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டியில் வலது முன் சக்கரத்தின் உட்பக்கம் ஒட்டியிருந்த சிறு ஈயத்துண்டு விழுந்திருந்தது. ரிம்மைத் துடைக்காமல் மண்ணின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அதன் தடம் மட்டும் இருந்தது. துடைத்து மறுபடி பேலன்ஸ் செய்ததும் நடுக்கம் போய்விட்டது.

இழுப்பு

மீதி இருந்தது இடப்பக்க இழுப்பு. நம் நாட்டுச் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு வண்டி மெல்ல இடம் சாய்வது இயல்பு. சமமான சாலையிலும் இழுத்தால்தான் கோளாறு.

கடையில் அலைன்மென்ட் பார்த்தார்கள். கணினியில் எல்லாம் பச்சையாக இருந்தது, இழுப்பு போகவில்லை. சனிக்கிழமை இரண்டாம் முறை பார்த்தார்கள். இழுப்பு போகவில்லை; போதாததற்கு, நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கே சற்றுக் கோணலாக நின்றது. திங்கட்கிழமை காலையில் அந்தக் கோணல் இன்னும் கூடியிருந்தது.

அன்று எங்கள் குடியிருப்புக்கு அருகில் பல ஆண்டுகளாகச் சிறிய பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். எல்லோரும் அவரைக் 'காகா' என்போம். நான் எழுதி வைத்திருந்த தாளைப் படித்துவிட்டு, "இழுப்பு முதல் நாளிலிருந்து. கோணல் சனிக்கிழமையிலிருந்து. இரண்டும் வேறு வேறு நோய்" என்றார்.

முதல் நோய்க்கு அவர் செய்த சோதனையை யாரும் செய்யலாம். முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டினார். ஓட்டிப் பார்த்தால், இப்போது வண்டி வலப்பக்கம் இழுத்தது! அலைன்மென்ட் பிழையாக இருந்தால் சக்கரத்தை மாற்றினாலும் இழுப்பு அதே பக்கம்தான் இருக்கும். திசை மாறியதால் குற்றம் டயரில். ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகள் மயிரிழை நகர்ந்து அமைந்தால், டயர் சரியான உருளையாக இல்லாமல் மிகச் சிறிய கூம்பு போல நடந்துகொள்ளும். கூம்பான தம்ளரைத் தரையில் உருட்டினால் அது நேரே போகாமல் வளைந்து போகிறதே, அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாது, பேலன்சிங் இயந்திரத்திலும் அகப்படாது. முன் டயர்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மாற்றியதில் குற்றவாளி எது என்று தெரிந்தது. பின் சக்கரத்தில் அந்த இழுப்பின் விளைவு மிகக் குறைவு. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டோம்.

ஒரு எச்சரிக்கை: பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை இப்படி இடம் வலமாக மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகத்தான் மாற்றலாம். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று அச்சிட்ட டயர்களும் உண்டு. அவற்றைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா என்று கடையிலேயே பாருங்கள்.

அலட்சியம் செய்யக் கூடாதது

இரண்டாம் நோய்க்கு, காகா வண்டியை ஏற்றி நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தார். சற்று நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுக்கு டை ராடு என்று பெயர். அலைன்மென்ட் செய்யும்போது அதன் மரையைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். பிறகு அது நகராமல் இருக்க ஒரு பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இடப்பக்கத்து நட்டு விரலால் திருகினாலே சுற்றியது. சனிக்கிழமை தளர்த்தியவர்கள் இறுக்க மறந்திருக்கிறார்கள். வண்டி ஓட ஓட மரை தானாக நகர்ந்ததால்தான் கோணல் நாளுக்கு நாள் கூடியது.

காகா அதிகம் பேசவில்லை. "பிள்ளைகளோடு எங்கே போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "நாளைக்குப் போகாதே" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன வேறொரு கடையில் அலைன்மென்ட் செய்து, இரு பக்கத்துப் பூட்டு நட்டுகளையும் இறுக்கி, என் கண்ணால் பார்த்தேன். காம்பட்கி மலைப்பாதை வரை ஓட்டிப் போய் வந்தேன். நேர்ச் சாலையில் ஸ்டியரிங் நேராக நின்றது. புதன் விடியற்காலையில் புறப்பட்டு, பெங்களூருவில் தங்கி, வியாழன் இரவு திருநெல்வேலி சேர்ந்தோம். பெண் அழைப்பைத் தவறவிட்டோம். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நட்டுக் கதையைச் சொன்னதும் எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். மறுநாள் காலை மாமன் மாலை என் கையால்தான் விழுந்தது.

ஊரிலிருந்து திரும்பியபின் அந்தக் கூம்பு டயரை, பில்லோடும் சோதித்த விவரத்தோடும் கொண்டுபோய்க் காட்டினேன். மாற்றித் தந்தார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருப்பதன் பலன் இது.

டயர் மாற்றுவோர் நினைவில் கொள்ள வேண்டியவை

1. பயணத்துக்கு முந்தின நாள் டயர் மாற்றாதீர்கள். குறைந்தது இரண்டு வாரமும் 300 கிலோமீட்டரும் இடைவெளி வேண்டும். நான் செய்த முதல் தவறு இதுதான்.

2. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த காலத்தைக் காட்டும். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம். புதிது என்று பழைய சரக்கைத் தள்ளுகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

3. 165/80 ஆர் 14 85 டி என்பது போன்ற அளவை வண்டிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் சதவீதம். 14 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்.

4. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பலர் முன்னால் போடுகிறார்கள். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். ஜூன் மாத மழையில் மலைப்பாதையில் திரும்பி வருகிற நமக்கு இது முக்கியம்.

5. பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

6. அலைன்மென்ட் முடிந்ததும் "பூட்டு நட்டை இறுக்கியாயிற்றா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு முறை குனிந்து பார்ப்பார்கள். அது போதும்.

காற்று, நட்டு, பேலன்சிங், இட வல மாற்றம், அலைன்மென்ட், அடிப்பாகம் என்ற இந்த வரிசையில் போனால் செலவு குறையும், நோயும் அகப்படும். ஸ்டியரிங் ஒரு நாள் போல ஒரு நாள் நிற்கவில்லை என்றால் மட்டும் வரிசையைப் பார்க்க வேண்டாம். அங்கேயே வண்டியை நிறுத்தி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் அக்கா மன்னிப்பாள்.