மிளகு தின்றால் உடல் இளைக்குமா?

மிளகுச் சத்து மாத்திரை பெண்களின் ஊளைச் சதையைக் கரைத்துவிடும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. மிளகுக் கொடி வளர்ப்பவர்களுக்கு இது காதுக்கு இனிய செய்திதான். ஆயினும், நாம் விளைவிக்கும் பொருளைப் பற்றி நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும். அந்த மாத்திரையை வாங்கி விழுங்குபவர் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம் அல்லவா?

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்னும் பொருள். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஆர்ஸ்டெட் 1819-ல் இதைப் பிரித்தெடுத்தார். பன்னியூர்-1 ரக மிளகில் இது சுமார் 5.3 சதவிகிதம் உள்ளது.

எலிகளுக்குப் பைப்பரின் கொடுத்தபோது அட்ரினலின் சுரப்பு கூடியது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில், அவை கொழுப்பு அணுக்களாக மாறுவதை இது தடுத்தது என்று 2012-ல் வெளியான கொரிய ஆய்வு கூறுகிறது. விளம்பரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் நடப்பதெல்லாம் மனித உடலில் நடந்துவிடாது.

அமெரிக்காவில் பெண்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். மாதவிலக்கு நின்ற, சற்றுப் பருமனான பெண்களுக்கு உணவில் மிளகு சேர்த்துக் கொடுத்து, மூச்சுக் காற்றை அளக்கும் அறையில் ஒரு நாள் முழுவதும் வைத்து, உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். மிளகு சேர்த்த நாளுக்கும் சேர்க்காத நாளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இம்முடிவு 2013-ல் வெளியாயிற்று.

மிளகு செய்யும் உண்மையான வேலை வேறு. குடலும் ஈரலும் பல பொருள்களை உடைத்து வெளியேற்றுகின்றன. அந்த வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது. பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், 2 கிராம் மஞ்சள் சத்துடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த மஞ்சள் சத்து சுமார் 20 மடங்கு உயர்ந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது ஏறக்குறைய பத்து மிளகில் இருப்பதுதான். பகைவன் வீட்டில் உண்ணப் பத்து மிளகு போதும் என்ற பழமொழிக்காரர் நல்ல அளவுதான் சொல்லியிருக்கிறார்!

மஞ்சளுக்கு நன்மையாவது மருந்துக்குத் தீமையாகலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், இரத்த அழுத்தத்துக்கான புரோபரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவு பைப்பரினால் இரத்தத்தில் உயர்வது அறியப்பட்டுள்ளது. ரசத்திலும் பொங்கலிலும் போடும் மிளகுக்கு அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரைதான் கவலைக்குரியது. தினமும் மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பெண்களுக்குக் காரணமின்றி எடை கூடினால் தைராய்டு கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிப்பதே முறை.

இனி விவசாயிக்கு வருவோம். பைப்பரினுக்கு மதிப்பு இல்லாமல் போகவில்லை. காரமும் மணமும் நிறைந்த ஓலியோரெசின் என்னும் சாற்றை எடுக்கும் ஆலைகள் மிளகு வாங்குகின்றன. அவர்களுக்கென்றால், முழு முதிர்ச்சிக்கு 15 முதல் 20 நாள் முன்பே சரங்களைப் பறிக்க வேண்டும். சாதாரணக் கறுப்பு மிளகுக்கு, சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கும்போது பறிப்பது சரி. உதிர்த்த மணிகளை மூங்கில் கூடையில் இட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, சுத்தமான களத்தில் உலர்த்தினால், ஒரே சீரான கறுப்பு நிறம் கிடைக்கும். மூன்று நான்கு நாள் வெயிலில் காய்ந்துவிடும். ஈரப்பதம் 10 முதல் 11 சதவிகிதத்துக்கு இறங்கிய பின்பே சாக்கில் கட்டுங்கள். அதற்கு முன் கட்டினால் பூசணம் பிடிக்கும்.