ஹிங்கண்காட்டில் ஒரு கல்லறை



விடுமுறைக்கு நாக்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நாம் அனைவரும் ஹிங்கண்காட் நிலையத்தைக் கடந்தே செல்கிறோம். அவ்வூரில்தான் 1823 சனவரியில் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லாம்ப்டன் மறைந்தார். அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது.

யார்க்ஷயரில் எளிய குடியில் பிறந்த லாம்ப்டன், 1781-இல் 33-ஆம் காலாட்படையில் சேர்ந்தார். வட அமெரிக்காவில் பதவி உயர்வின்றிப் பல்லாண்டுகள் கழிந்தன. அக்காலத்தைக் கணிதத்திற்கும் வானநூலுக்கும் செலவிட்டார். பின்னர் இந்தியா வந்து, 1799-இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்குகொண்டார். இரவில் வழிதவறிப் பகைவரை நோக்கி நடந்த படையை, விண்மீன்களின் நிலை கண்டு அவர் எச்சரித்தார் என்பர்.

போர் முடிந்ததும், தீபகற்பத்தை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். கம்பெனியார் விரும்பியது வரிக்கும் படைநடத்தலுக்கும் உதவும் நிலப்படம். லாம்ப்டனோ பூமியின் வடிவத்தையே அறிய விரும்பினார்.

முறை எளிது. ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் அளந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். 1802-இல் பரங்கிமலையருகே, 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் அடிக்கோடு அளக்கப்பட்டது. வெயிலில் எஃகு நீளுமல்லவா? ஆகவே வெப்பமானிகளை வைத்து அந்நீட்சியையும் கணக்கில் கொண்டார். 1804-இல் பெங்களூரில் மற்றோர் அடிக்கோட்டை அளக்கச் செய்து, தம் கணக்கைத் தாமே சோதித்தார். வேறுபாடு சில அங்குலமே!

தஞ்சைச் சமவெளியில் குன்றில்லை. தோப்புகள் பார்வையை மறைத்தன. எனவே கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808-இல் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதியது. அதன் பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது. லாம்ப்டன் கூடாரத்துள் அமர்ந்து, ஆறு வாரங்கள் உழைத்து, அதனை மீண்டும் வட்டமாக்கினார்.

சென்ற பருவத்தில், பாடநூலோடு ஒவ்வாத இரண்டு அளவீடுகளை அடித்துவிட என் பேனாவும் எழுந்தது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எண்ணினேன். பின்னர் லாம்ப்டனின் வரலாற்றைப் படித்தேன், வெட்கினேன். அந்தச் சோதனையை மறுபடியும் செய்தேன். பிழை என் கருவியில் இருந்தது.

இதனால் கம்பெனி ஆட்சி நல்லாட்சியாகிவிடாது. அச்சங்கிலியைப் பிடித்தவரும் கொடி ஏந்தியவரும் நம் நாட்டவரே. காய்ச்சலில் மாண்டவர் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை. 1817-இல் ராயல் சொசைட்டி லாம்ப்டனைத் தன் உறுப்பினராக்கிப் பெருமை செய்தது. அவர்களையோ எச்சபையும் அறியாது.

அடுத்த முறை ரயில் ஹிங்கண்காட்டைக் கடக்கும்போது, அந்தக் கர்னலை நினையுங்கள். சங்கிலி சுமந்த அந்தப் பெயர் தெரியாதவர்களையும் உடன் நினையுங்கள்.