மண்ணை வாழவைக்கும் தோட்டம்

நாம் உண்ணும் சோறும் கறியும் மண் தந்த செல்வங்களே. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். சரிவான வெற்று நிலத்தில் அதனை இழப்பதற்கோ சில மழைக்காலங்களே போதும்.

தோட்டப்புறப் பெரியோர்கள் இதனை நன்கறிவர். மலாயாவில் இரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதபடி நிலத்தைச் செதுக்கி வைத்தனர். மழைநீர் மேட்டு மண்ணை ஆற்றுக்கு அடித்துச் சென்றது. பின்னரே மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கும் வழக்கம் பரவியது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன.

இத்தகைய அறிவை உணவுத் தோட்டத்தில் முறையாகப் பயன்படுத்துவதே ‘பெர்மாகல்ச்சர்’ எனப்படும் நிலைபேறுடைய வேளாண்மை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோல்ம்கிரன் ஆகிய இருவரும் இதனை வகுத்தனர். அவர்களுடைய முதல் நூல் 1978இல் வெளிவந்தது. காட்டிற்கு எவரும் உரமிடுவதில்லை; ஆயினும் காடு செழிக்கிறது. அதன் வழியைப் பின்பற்றுவதே இம்முறையின் அடிப்படை. வெப்ப மண்டல நாடுகளில் இத்தகைய தோட்டங்களிலேயே தங்கி உழைத்துப் பயில்வோரும் உளர். அங்கு ஒருநாள் எவ்வாறு கழிகிறது என்பதைக் காண்போம்.

காலை

வெயில் ஏறுமுன் வேலை தொடங்குகிறது. கோழிகளைத் திறந்துவிட்டுத் தீனி இடுகின்றனர். கீரையும் கறிவேப்பிலையும் மிளகாயும் சமையலறைக்கு அருகிலேயே வளர்கின்றன. நாள்தோறும் வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்; எப்போதாவது பறிக்கும் பலாவும் தென்னையும் தொலைவில் இருக்கலாம். இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துப் புழுக்களைக் கையாலேயே அகற்றுகின்றனர்.

நண்பகல்

கடும் வெயிலில் நிழல் வேலைகள் நடைபெறும். விதைகளை உலர்த்துதல், நாற்றுப் பைகளில் மண் நிரப்புதல், சமைத்தல் ஆகியவற்றோடு பாடமும் உண்டு. காய்கறித் தோல்களைக் குப்பையில் எறிவதில்லை. சில கோழிகளுக்கும் எஞ்சியவை எருக்குழிக்கும் செல்கின்றன. பாத்திரம் கழுவிய நீர் வாழைக் குழியைச் சென்றடைகிறது. வட்டமான அக்குழியில் காய்ந்த மட்டையும் தழையும் மக்குகின்றன; அதன் விளிம்பில் நட்ட வாழைகள் நீரையும் உரத்தையும் ஒருங்கே பெறுகின்றன.

மாலை

வெட்டிய புல்லையும் சருகையும் செடியின் அடியில் பரப்புகின்றனர். இம்மூடாக்கு மழைத்துளி மண்ணைத் தாக்காமல் காக்கிறது, ஈரத்தை நிறுத்துகிறது, களையையும் அடக்குகிறது. சரிவில் குறுக்காக வெட்டிய வாய்க்கால்கள் மழைநீரை ஓடவிடாமல் தேக்கி மண்ணுக்குள் இறக்குகின்றன. நீர் தேங்கும் வாளிகளையும் சிரட்டைகளையும் கவிழ்த்து வைப்பதும் மாலைக் கடமையே. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த நீரில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும்.

நமக்கு என்ன பயன்?

களைக்கொல்லி தெளிக்கும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் பலர் நெடுங்காலம் செய்து வந்தனர். கொடிய நஞ்சாகிய பராகுவாட்டை நமது நாடு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. நஞ்சின் துன்பத்தை நம் தாய்மார்கள் உடலால் அறிந்தவர்கள். நம் பிள்ளைகள் உண்ணும் கீரையில் அது வேண்டுமா? மூடாக்கும் மண்வெட்டியும் சிறு கொல்லையின் களையை அடக்கப் போதுமானவை.

பெருநிலம் வேண்டுவதில்லை. வீட்டின் பின்புறத்தில் ஒரு பாத்தி, ஒரு முருங்கை, ஓர் எருக்குழி போதும். அடுக்குமாடியில் வாழ்வோருக்குத் தொட்டிகள் உண்டு. கறிச்செலவு சிறிது குறையும். உண்பது இன்னதென்ற தெளிவும் பிறக்கும். பெற்றோர்களே, வார இறுதியில் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் காப்போம், அது நம்மைக் காக்கும்.

பயிற்சி

1. மூடுபயிர் மண்ணுக்குச் செய்யும் இரண்டு நன்மைகளைக் கூறுக.

2. சம அளவான இரு பாத்திகளில் ஒன்றுக்கு மட்டும் மூடாக்கு இடுக. மழை பெய்யாத மூன்று நாள்களுக்குப் பின் இரண்டின் மண்ணையும் தொட்டுப் பார்த்து, கண்டதை எழுதுக.

3. உங்கள் வீட்டில் ஒருநாளில் சேரும் காய்கறிக் கழிவை நிறுத்துப் பார்த்து, ஒரு மாதத்திற்குக் கணக்கிடுக.