புல்லுக்கு அடியில் ஓர் ஊர்

இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில், குன்றுகளுக்கு இடையே ஒரு புல்வெளி உள்ளது. உச்சிப்பொழுதில் அங்கு எதுவும் கண்ணில் படாது. மாலை வெயில் சாய்ந்து விழும்போது, வரிசையாகச் சிறு மேடுகளும் அவற்றின் நடுவே நீண்ட பள்ளம் ஒன்றும் புலப்படும். மேடுகள், வீடுகள் நின்ற இடங்கள். பள்ளமோ பழைய தெரு. மக்களும் மாடுகளும் வண்டிகளும் பல நூற்றாண்டுகள் சென்று சென்று அதனைத் தாழ்த்திவிட்டனர். ஊரின் பெயர் வாரம் பெர்சி. (இந்த ‘வாரம்’ நமது ஏழு நாள் கணக்கு அன்று!)

வரலாற்று அறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் இங்கு நீண்டகாலம் ஆய்ந்தனர். 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழாய்வு நடந்தது. நாள்தோறும் பெருக்கிப் பெருக்கிக் குழிந்துபோன வீட்டுத் தரைகள் வெளிப்பட்டன. அவற்றைப் பெருக்கியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஊர் ஏன் அழிந்தது? 1349இல் பரவிய கொள்ளைநோயே காரணம் என்று கூறுவது எளிது. நோய் பலரைக் கொன்றது உண்மையே. ஆயினும் எஞ்சியோர் அதன்பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அங்கேயே உழுது வாழ்ந்தனர். பின்னர், உழவைவிடக் கம்பளி மிகுந்த ஆதாயம் தந்தது. பல உழவர் உழைத்த நிலத்தில் ஆடு மேய்க்க ஓர் இடையர் போதும். ஆகவே, 1500ஆம் ஆண்டையொட்டி நிலக்கிழார் கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றினார். அண்டை ஊராரும் வழிபட்டு வந்ததால் தேவாலயம் மட்டும் பிழைத்தது; இன்று அதுவும் கூரையின்றி நிற்கிறது.

எல்லா ஊர்களும் இவ்வாறு முற்றிலும் அழியவில்லை. சில ஊர்கள் சுருங்கின: இன்று சில வீடுகள், சுற்றிலும் புல் மூடிய மேடுகள். சிலவற்றின் அருகே நாற்புறமும் அகழி சூழ்ந்த மேடு ஒன்றும் உண்டு. நிலக்கிழாரின் மாளிகை நின்ற இடம் அது. இங்கிலாந்தில் இத்தகைய அகழி சூழ்ந்த இடங்கள் ஏறத்தாழ 6,000 உள்ளன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் தோண்டப்பட்டவை. பகைவரைத் தடுப்பதற்கென்று எண்ணிவிடாதீர்கள். மாளிகைக்கு உரியவரின் பெருமையை ஊருக்குக் காட்டுவதே அகழியின் முதல் வேலை.

அருஞ்சொற்பொருள்
அகழி – கோட்டை அல்லது மாளிகையைச் சூழ்ந்த நீர்ப்பள்ளம்
நிலக்கிழார் – பெருநில உரிமையாளர்
ஆதாயம் – வருவாய், இலாபம்

பயிற்சி
1. வாரம் பெர்சி மக்கள் ஊரைவிட்டு நீங்கியது ஏன்?
2. உம் பெற்றோரின் ஊர்ப்பக்கம் ‘மேடு’ என முடியும் இடப்பெயர் உண்டா? பெரியோரிடம் கேட்டு, அங்கு முன்னர் என்ன இருந்தது என எழுதுக.