வாட்டுக்குப் போகும் மகளுக்கு

யட்டியாந்தோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பேராதனையில் புத்தகப் படிப்பில் ஒரு கட்டம் முடிந்து, இனிக் கண்டி ஆஸ்பத்திரி வாட்டுகளுக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னார். நம் லயத்துப் பிள்ளை டொக்டராகிறது என்று தோட்டமே பூரித்துக் கிடக்கிறது. இந்த நேரத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாத் என்பவரும் அவரது குழுவினரும் மாணவர்களை ஆண்டுதோறும் அளந்து பார்த்து, 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளியின் நிலையை உணரும் தன்மை மூன்றாம் ஆண்டில் வெகுவாகக் குறைந்திருந்தது. நோயாளரோடு பழகத் தொடங்கும் ஆண்டே அதுதான். பாடச்சுமை, நேர நெருக்கடி, பார்த்துப் பழக நல்ல மூத்தவர்கள் இல்லாமை என்று காரணங்களையும் சுட்டினார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இரக்கம் எங்கே போய்விடும் என்று இருந்துவிடாதே மகள். அதையும் பாடத்தைப் போல நாளும் பயில வேண்டும்.

இரக்கம் இல்லாவிட்டால் வைத்தியமே பிழைத்துப்போகும். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை, சிறுநீரை அதிகம் போக்கும். காலையில் போடச் சொல்வார்கள். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடம் ஏது? வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுவாள். கிளினிக்கில் கேட்டால், ஏச்சுக்குப் பயந்து "போடுறேங்க" என்பாள். பிரஷர் இறங்கவில்லையே என்று மருந்தைக் கூட்டி எழுதுவார்கள். "எந்த நேரம் போட்டா உங்களுக்குத் தோதுப்படும்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். சீனி வருத்தக்காரரிடம் கோதுமை மா ரொட்டியை நிறுத்தச் சொல்லுமுன், வீட்டில் வேறென்ன சமைக்க முடிகிறது என்று கேள். ரப்பர் பால் வெட்டுகிறவர் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்பதை நினைவில் வை.

நம் சனம் முதலில் "ஒன்னும் இல்லீங்க" என்றுதான் தொடங்கும். 1984இல் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 விநாடிகளில் வைத்தியர் குறுக்கிட்டது தெரிந்தது. அந்த 18 விநாடிக்குள் நம் கிழவி ஒருத்தி தன் நோவைச் சொல்லி முடிப்பாளா? பொறுத்திரு. முழுதாகச் சொல்லவிடு.

வாட்டில் எவரையும் கட்டில் இலக்கத்தால் அழைக்காதே. பெயரைக் கேட்டு வைத்துக்கொள். தொடுமுன் அனுமதி கேள். பரிசோதித்து முடிந்ததும் விலக்கிய துணியை நீயே மூடிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு நகர். அவர்கள் தங்கள் உடம்பைத் தந்து உனக்குப் படிப்பிக்கிறார்கள். சிங்களக் கிராமத்து அம்மாவும் தோட்டத்து அம்மாவும் உனக்கு ஒன்றுதான். சிங்கள அம்மாவின் நோவையும் அவர் மொழியிலேயே கேட்குமளவுக்குச் சிங்களத்தையும் நன்றாகப் பழகிக்கொள்.

மகள், களைத்துப்போகும் நாள்கள் வரும். அன்றைக்கு நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரைகொள், வீட்டுக்கு ஒரு கோல் எடு. ஆனால் எந்த நாளிலும், எவ்வளவு அவசரத்திலும், உன் முன்னால் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பேனாவை எடுக்காதே.

அன்புடன்,
பெரியப்பா